நோயற்ற தாயும் நோயுறும் சிசுவும்

கர்ப்பிணிப் பெண் ஒருத்தி மாதந்தோறும் ஆஸ்பத்திரிக்குச் சென்று வருகிறாள். எடை, இரத்த அழுத்தம் எல்லாம் சரியாக இருக்கின்றன. காய்ச்சலில்லை, வலியில்லை. ஆயினும் ஒன்பதாம் மாதத்துப் பரிசோதனையைப் பார்த்த டாக்டர், "உங்கள் உடலில் ஒரு கிருமி குடியிருக்கிறது" என்கிறார். அவள் திடுக்கிடுகிறாள். 'நான் என்ன தவறு செய்தேன்? குழந்தைக்கு என்ன ஆகுமோ?' என்று கலங்குகிறாள். அத்தகைய தாய்மார்களுக்காகச் சில செய்திகளை இன்று சொல்ல விரும்புகிறேன்.

அக்கிருமியின் பெயர் 'பி' பிரிவு ஸ்ட்ரெப்டோகாக்கஸ். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமிகளை 1933-இல் பிரிவு பிரிவாக வகுத்துக் காட்டியவர் ரெபெக்கா லான்ஸ்ஃபீல்ட் என்ற அமெரிக்க அம்மையார். 'பி' பிரிவைப் பசுவின் மடிநோய்க்குக் காரணமான கிருமி என்றே முதலில் அறிந்திருந்தார்கள். பச்சிளங் குழந்தைகளை அது தாக்குவதை மருத்துவ உலகம் பரவலாக உணர்ந்தது 1970-களிலேதான்.

உலகில் கர்ப்பிணிகள் நூறு பேரை எடுத்துக்கொண்டால் ஏறக்குறைய 18 பேரிடம் இக்கிருமி இருப்பதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். குடலே அதன் தாய்வீடு. அங்கிருந்து பிறப்புப் பாதைக்கும் பரவுகிறது. அது இருப்பது நோயுமன்று, அசுத்தத்தின் அடையாளமுமன்று, ஒழுக்கக் குறைவின் விளைவுமன்று. ஆகவே எந்தத் தாயும் இதற்காக வெட்கப்பட வேண்டியதில்லை.

அபாயம் பிரசவ வேளையில் இருக்கிறது. சிகிச்சை செய்யாவிட்டால், இத்தாய்மார்களின் குழந்தைகளில் சுமார் பாதிப்பேரின் மேனியில் கிருமி தொற்றிக்கொள்ளும். அவர்களிலும் பெரும்பாலோர் நலமாகவே இருப்பார்கள். ஆனால், இத்தாய்மார்களுக்குப் பிறக்கும் குழந்தைகளில் நூற்றுக்கு ஒன்றோ இரண்டோ இரத்தத்தில் நச்சேறியோ, நுரையீரலோ மூளையுறையோ அழற்சியுற்றோ நோய்வாய்ப்படும். எண்ணிக்கை சிறிதுதான், ஆனால் அந்த ஒரு குழந்தை பிறந்த வீட்டுக்கு அது சிறிதன்று.

'கண்டவுடனேயே மருந்து கொடுத்துக் கிருமியை ஒழித்துவிடலாமே' என்று கேட்கத் தோன்றும். முன்கூட்டிக் கொடுத்தால் பயனில்லை. மருந்து நின்றதும் கிருமி குடலிலிருந்து மீண்டும் புறப்பட்டுப் பிரசவத்திற்குள் பழைய இடத்திற்கே வந்துவிடுகிறது. ஆகவே வலி கண்ட பிறகு கொடுப்பதே தக்கது. சிகாகோ நகரில் பாயர், காட்டாஃப் என்னும் இரு மருத்துவர்கள் இதனைச் சோதித்து 1986-இல் வெளியிட்டார்கள். பிரசவ வேளையில் ஆம்பிசிலின் பெற்ற தாய்மார்களின் குழந்தைகளில் நூற்றுக்கு 9 பேரிடமே கிருமி காணப்பட்டது. மருந்து பெறாதோரின் குழந்தைகளில் 51 பேரிடம் காணப்பட்டது.

அமெரிக்காவில் 2002 முதல் எல்லாக் கர்ப்பிணிகளையும் பரிசோதிக்குமாறு அறிவுறுத்தினார்கள். அங்கே 1990-களின் தொடக்கத்தில், பிறந்த முதல் வாரத்திலேயே இந்நோய்க்கு ஆளான சிசுக்கள் ஆயிரத்துக்குச் சுமார் 1.8, 2015-இல் அது ஏறக்குறைய 0.23 ஆகக் குறைந்தது.

பரிசோதனை எளியது. 36, 37-ஆம் வாரங்களில் பஞ்சு முனையுள்ள குச்சியால் பிறப்புப் பாதையிலும் ஆசனவாயிலும் தொட்டெடுத்து வளர்த்துப் பார்க்கிறார்கள். சில நாடுகளில் எல்லாருக்கும் இதைச் செய்வதில்லை. அபாயக் குறிகளை மட்டும் கவனிக்கிறார்கள். குறைமாதப் பிரசவம், பனிக்குடம் உடைந்து 18 மணி நேரம் கடத்தல், பிரசவ வேளைக் காய்ச்சல், முந்தைய குழந்தைக்கு இந்நோய் வந்திருத்தல் ஆகியவை அக்குறிகள்.

தாய்மார்களே, கிருமி இருப்பதாகச் சொன்னால் அந்தச் சீட்டைப் பத்திரமாக வைத்திருங்கள். வலி கண்டதும், அல்லது பனிக்குடம் உடைந்ததும், தாமதியாமல் ஆஸ்பத்திரிக்குச் சென்று அதைக் காட்டுங்கள். பெனிசிலின் மருந்து பிறப்பதற்கு நான்கு மணி நேரத்துக்கு முன்பே உடலில் ஏறுவது நலம். அம்மருந்து உங்களுக்கு ஒவ்வாதெனில் முன்னதாகவே தெரிவியுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். முதல் வாரம் கழிந்து வரும் நோயை இம்மருந்து தடுப்பதில்லை. ஆகவே சில மாதங்கள் வரை, குழந்தை பால் குடிக்க மறுத்தாலும், துவண்டு கிடந்தாலும், மூச்சுத் திணறினாலும், உடல் கொதித்தாலும் குளிர்ந்தாலும், விடியட்டும் என்று காத்திராமல் உடனே டாக்டரிடம் கொண்டு செல்லுங்கள்.