மானைச் சுட்ட குண்டு

ஒரு காட்டில் புலி குறைந்துவிட்டது என்று கேள்விப்பட்டால், நம் மனத்தில் உடனே வந்து நிற்பவன் தோலுக்கும் எலும்புக்கும் புலியைக் கொல்லும் கள்ளவேட்டைக்காரன். அவன் செய்வது கொடுமைதான். ஆனால் இன்று நான் பேசப்போவது வேறொருவரைப் பற்றி. வாரக் கடைசியில் கறிக்காக மானோ பன்றியோ சுட்டு வருபவர் அவர். புலியைக் கண்ணால்கூடப் பார்த்திருக்க மாட்டார். அவருடைய துப்பாக்கி புலியை என்ன செய்கிறது என்று காட்டுக்குள் நடந்து நடந்து கணக்கெடுத்தவர் கர்நாடகத்து விஞ்ஞானி உல்லாஸ் காரந்த்.

கன்னட எழுத்தாளர் சிவராம காரந்தின் மகன். முதலில் படித்தது இயந்திரப் பொறியியல், பிறகு செய்தது விவசாயம், அதற்கும் பிறகுதான் காட்டுயிர் அறிவியலுக்கு வந்தார். அவர் தேர்ந்துகொண்ட காடு நாகரஹொளே. குடகுக்கும் மைசூருக்கும் நடுவில், கபினி நீர்த்தேக்கத்தை ஒட்டி 643 சதுர கிலோமீட்டர். கபினியைத் தாண்டினால் பந்திப்பூர், அதை ஒட்டி நம் முதுமலை. எல்லைக்கல் மனிதருக்குத்தான், புலிக்கு அது எல்லாம் ஒரே காடு.

அவர் வேலையைத் தொடங்கிய காலத்தில் புலியைக் கால் தடம் பார்த்து எண்ணினார்கள். ஒரே புலியின் தடம் சேற்றில் ஒரு மாதிரி பதியும், புழுதியில் வேறு மாதிரி பதியும். காரந்த் வேறு வழிக்குப் போனார். புலியின் உடல் வரி நம் கைரேகை மாதிரி, ஒன்றுக்கு உள்ளது இன்னொன்றுக்குக் கிடையாது. ஒரே புலியின் இடப்பக்க வரியும் வலப்பக்க வரியும்கூட வேறு வேறு. அதனால் காட்டுப் பாதையின் இரண்டு பக்கமும் தானியங்கிக் கேமராக்களை எதிரெதிரே வைத்தார். எந்தப் புலி எத்தனை முறை படத்தில் விழுகிறது என்பதைக் கொண்டு, படத்தில் விழாத புலிகளும் சேர்ந்து மொத்தம் எத்தனை இருக்கும் என்று கணிக்கும் முறை அது. அமெரிக்க விஞ்ஞானி ஜேம்ஸ் நிக்கல்ஸுடன் சேர்ந்து 1998-இல் அவர் வெளியிட்ட கணக்குப்படி, நாகரஹொளேயில் 100 சதுர கிலோமீட்டருக்கு 11 அல்லது 12 புலிகள்.

புலியை எண்ணியதோடு அவர் நிற்கவில்லை. அது தின்னும் விலங்குகளையும் எண்ணினார். காட்டுக்குள் நேர்கோடாகப் பாதை வகுத்து, கண்ணில் பட்ட புள்ளிமான், கடமான், காட்டெருது, பன்றி ஒவ்வொன்றும் பாதையிலிருந்து எவ்வளவு தூரத்தில் நின்றது என்று அளந்து எழுதிக்கொள்வது அவர் முறை. எனக்கு அவருடைய வேலையில் பெரிதாகத் தெரிவது இதுதான்.

ஒரு புலிக்கு ஆண்டுக்குச் சுமார் 50 விலங்குகள் வேண்டும். வாரத்துக்கு ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் காட்டில் 50 மான் இருந்தால் ஒரு புலி பிழைத்துவிடுமா? பிழைக்காது. ஆட்டுப்பட்டி வைத்திருப்பவருக்கு இது சட்டென்று புரியும். பட்டியையே அடித்துத் தின்றால் அடுத்த ஆண்டுக்கு என்ன இருக்கும்? குட்டி போட்டுப் பெருகுவதில் ஒரு பங்கைத்தான் எடுக்க முடியும். இந்தியாவில் 11 இடங்களில் திரட்டிய கணக்குகளை வைத்து 2004-இல் காரந்தும் அவர் குழுவினரும் காட்டியது இதைத்தான்: இரை விலங்குகளில் ஆண்டுக்குப் பத்தில் ஒரு பங்கு புலிக்குப் போகிறது. ஆக, ஒரு புலி வாழ 500 விலங்குகள் உயிரோடு நடமாட வேண்டும்.

இப்போது நம் வாரக் கடைசி வேட்டைக்காரரிடம் வருவோம். சுற்றியுள்ள ஊர்க்காரர்கள் எல்லாருமாகச் சேர்ந்து ஆண்டுக்கு 50 மான் சுட்டால், ஒரு புலியின் ஓராண்டுச் சாப்பாடு போயிற்று.

வியப்பான செய்தி ஒன்று உண்டு. நாகரஹொளேப் புலிகளை ஒன்பது ஆண்டுகள் படமெடுத்துப் பார்த்ததில், ஆண்டுதோறும் சுமார் 23 விழுக்காடு புலிகள் செத்தோ இடம்பெயர்ந்தோ காணாமல் போயின. ஆனாலும் காட்டில் புலி அற்றுப்போகவில்லை. தாய்ப்புலி ஓர் ஈற்றில் மூன்று, நான்கு குட்டி போடும். போன புலிகளின் இடத்தை அவை நிரப்பிவிடும், வயிற்றுக்குக் கிடைத்தால். இரை குறைந்தால் முதலில் சாவது குட்டிகள்தான். அந்தச் சாவை யாரும் பார்ப்பதில்லை. தோல் பிடிபடாது, வழக்கு பதியாது, செய்தித்தாளில் வராது. 1999-இலேயே காரந்தும் பிராட்லி ஸ்டித் என்ற ஆய்வாளரும் இதைப் பற்றி எச்சரித்திருந்தார்கள். புலிவேட்டையைத் தடுக்கத்தான் வேண்டும். ஆனால் ஒரு காட்டில் புலி நிலைக்குமா என்பதை முடிவு செய்வதில் மானுக்கும் கடமானுக்கும் நடக்கும் வேட்டைக்குப் பெரும்பங்கு உண்டு என்றார்கள்.

மதுசூதன் என்ற ஆய்வாளரும் காரந்தும் நாகரஹொளேக்குள்ளேயே இரண்டு இடங்களை ஒப்பிட்டார்கள். நால்கேரியில் காவல் நன்றாக இருந்தது. அந்தக் காவலுக்குப் பின்னால் கே. எம். சின்னப்பா போன்ற வனச்சரகர்களின் ஆயுள் உழைப்பு உண்டு. குடகிலேயே பிறந்து அந்தக் காட்டுக்காகவே வாழ்ந்தவர் சின்னப்பா. இன்னோர் இடமான ஆர்கேரியில் வேட்டை அதிகம். அவர்கள் கவனித்த ஒன்பது பெரிய விலங்குகளில் ஆறு அங்கே வெகுவாகக் குறைந்திருந்தன. வேட்டையாடியவர்கள் பெரும்பாலும் பசிக்காக அல்ல, பொழுதுபோக்குக்காகவே போனார்கள் என்றும் அந்த ஆய்வு சொல்கிறது. பட்டினியில் கண்ணி வைப்பவரைக் குறை சொல்ல எனக்கு நாக்கு எழாது. இது அப்படிப்பட்ட வேட்டை அல்ல.

வேட்டைக்காரர் பெரிய உருப்படியாகப் பார்த்துத்தானே குறி வைப்பார்? காவல் உள்ள இடத்தில் ஒரு விலங்கின் சராசரி எடை 43 கிலோ. வேட்டை மிகுந்த இடத்தில் 11 கிலோ. நாகரஹொளேப் புலி அடிக்கும் இரையின் சராசரி எடை 90 கிலோவுக்கு மேல் என்று காரந்தும் மெல் சன்குவிஸ்ட் என்ற ஆய்வாளரும் முன்பே கண்டறிந்திருக்கிறார்கள். ஆர்கேரியிலும் மரங்கள் அடர்ந்துதான் நின்றன. தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு அதுவும் நல்ல காடுதான். ஆனால் குட்டிகளை மறைவில் விட்டுவிட்டு இரை தேடப் புறப்படும் ஒரு தாய்ப்புலி, அங்கே இரவெல்லாம் நடக்க வேண்டியிருக்கும்.