யாருக்குப் போய்ச் சேரும்?

(நமது டிரஸ்டின் ஆண்டுக் கூட்டத்தில் குலசேகரன்பட்டினத்தில் நிகழ்த்தப்பட்ட உரை)





2022 மே மாதம் ஊருக்குள் வசூலுக்கு வந்தோமே, உங்களுக்கு நினைவிருக்கும். இலங்கையில் பால்மாவுக்கும் கேஸுக்கும் மண்ணெண்ணெய்க்கும் ஜனங்கள் விடிய விடிய வரிசையில் நின்ற நேரம். முதலமைச்சரின் பொது நிவாரண நிதிக்கு நம்மால் ஆனதைச் சேர்த்துக் கொடுப்போம் என்று கிளம்பினோம். ஒரு வீட்டு வாசலில் ஒரு பெரியவர் பணத்தைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டார்: "தம்பி, இது நம்ம ஆளுகளுக்குப் போய்ச் சேருமா?"

"சேரும் மாமா" என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டோம். ஆனால் அது முழுப் பதில் இல்லை என்று எங்களுக்கே தெரியும். அந்தப் பதிலைத்தான் இன்று சொல்ல வந்திருக்கிறோம்.

முதலில், அந்த உதவி எப்படிப் போனது? 2022 ஏப்ரல் 29 அன்று தமிழகச் சட்டமன்றம் ஒரு தீர்மானம் போட்டது. 40,000 டன் அரிசி, 500 டன் பால்பவுடர், உயிர் காக்கும் மருந்துகள் என்று 123 கோடி ரூபாய் மதிப்பில் உதவி. ஒரு மாநிலம் தன் விருப்பத்துக்கு வெளிநாட்டுக்கு உதவி அனுப்ப முடியாது. மத்திய அரசு அனுமதித்து, கொழும்பிலுள்ள இந்தியத் தூதரகம் வழியாகத்தான் அது இலங்கை அரசின் கைக்குப் போனது. முதல் கப்பல் மே 18 அன்று சென்னையிலிருந்து புறப்பட்டது. அடுத்தது ஜூன் மாதம், இதோ நம் தூத்துக்குடித் துறைமுகத்திலிருந்து.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. இலங்கைத் தமிழர்களுக்கு உதவி என்றுதான் பேச்சு முதலில் எழுந்தது. அங்குள்ள தமிழ்த் தலைவர்களே, "எங்களுக்கு மட்டும் என்று பிரிக்காதீர்கள், எல்லோருக்குமாக அனுப்புங்கள்" என்று கேட்டுக்கொண்டார்கள். முப்பது வருடப் போரில் அத்தனையும் இழந்தவர்கள் சொன்ன வார்த்தை அது. ஏன் சொன்னார்கள்? பிரித்துக் கொடுத்தால் என்ன ஆகும் என்று அவர்களுக்குத் தெரியும்.

கொஞ்சம் பின்னால் போவோம். 1990 அக்டோபரில் இலங்கையின் வட மாகாணத்திலிருந்து முஸ்லிம்கள் அத்தனை பேரையும் விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். ஏறத்தாழ 75,000 பேர். யாழ்ப்பாணத்தில் கொடுத்த அவகாசம் இரண்டு மணி நேரம். வீடு, கடை, நகை, பத்திரம் எல்லாவற்றையும் விட்டுவிட்டு நடந்தார்கள். பெரும்பாலோர் ஒதுங்கியது புத்தளம், கற்பிட்டி பக்கம். அங்கிருந்தவர்கள் பள்ளிவாசலையும் பள்ளிக்கூடத்தையும் தென்னந்தோப்பையும் திறந்துவிட்டார்கள். மதீனத்து அன்சாரிகளை நினைவுபடுத்திய காரியம் அது. ஆனால் சில நாள் என்று வந்தவர்கள் இருபது வருடம் தங்க நேர்ந்தால், தண்ணீருக்கும் வேலைக்கும் பிள்ளைகளின் பள்ளி இடத்துக்கும் உரசல் வரத்தானே செய்யும்? வந்தது. 2007ல் உலக வங்கி 3.2 கோடி டாலர் கடனில் புத்தளத்தில் வீட்டுத் திட்டம் தொடங்கியபோது, அகதிகளோடு சேர்த்து உள்ளூர் ஏழைகளுக்கும் பங்கு வைத்தார்கள். விருந்தாளிக்கு வீடு கட்டி, இடம் கொடுத்தவனை ஓலைக் குடிசையில் விட்டால் பகைதான் வளரும்.

அடுத்தது, பேச்சுவார்த்தை மேசை. 2002 பிப்ரவரியில் நார்வேயின் முயற்சியில் போர்நிறுத்த ஒப்பந்தம் வந்தது. 2003 ஜூனில் டோக்கியோவில் உலக நாடுகள் கூடி 450 கோடி டாலர் தருவதாக வாக்களித்தன. ஆனால் அதற்கு முன்பே புலிகள் பேச்சிலிருந்து விலகியிருந்தார்கள், டோக்கியோவுக்கும் வரவில்லை. பணம் முன்னால் நிற்கிறது, சமாதானம் பின்னால் வரவில்லை. முஸ்லிம்களோ தனித் தரப்பாக எங்களையும் உட்கார வையுங்கள் என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். சுனாமிக்குப் பிறகு, நிவாரணத்தைப் பங்கிட 2005 ஜூனில் அரசும் புலிகளும் ஓர் உடன்பாடு செய்தார்கள். கிழக்கில் கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை என்று முஸ்லிம் ஊர்கள் கடலுக்குப் பலியாகியிருந்தும், கையெழுத்திட்டவர்களில் முஸ்லிம் தரப்பு இல்லை. அடுத்த மாதமே உச்ச நீதிமன்றம் அதன் முக்கியப் பகுதிகளுக்குத் தடை போட்டது. அத்தோடு அது முடிந்தது.

நம்மவர்களை விட்டுவிட்டார்களே என்று வருத்தப்படுகிறோம். சரி, நம்மவர்களுக்கு மட்டும் என்று வந்தது என்ன ஆனது? அம்பாறை மாவட்டத்தில் அக்கரைப்பற்றுக்கு அருகே நுரைச்சோலை என்று ஓர் இடம். சுனாமியில் வீடிழந்தவர்களுக்காக சவூதி அரேபியா 500 வீடுகள் கட்டிக் கொடுத்தது. பள்ளிவாசல், பள்ளிக்கூடம், மருத்துவமனை எல்லாம் சேர்த்து. தீகவாபி விகாரைக்குப் பக்கத்தில் முஸ்லிம்களுக்கு மட்டும் குடியிருப்பா என்று எதிர்ப்பு கிளம்பியது. வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. இன விகிதப்படி பங்கிட வேண்டும் என்று 2008ல் தீர்ப்பு. அதை இரு தரப்பும் ஏற்று நடக்க வழி பிறக்கவில்லை. வருடக்கணக்கில் அந்த வீடுகளில் புதர்தான் குடியிருந்தது. கொடுத்தவர் மனதில் குறையில்லை, வாங்க வேண்டியவரின் தேவையும் பொய்யில்லை. அக்கம்பக்கத்தாரின் சம்மதம் இல்லை, அவ்வளவுதான்.

இந்தியா 2010ல் அறிவித்த 50,000 வீடுகள் திட்டத்தையும் பாருங்கள். வடக்கு, கிழக்கில் பெரும்பாலான வீடுகளைக் கட்டியது ஒப்பந்தக்காரர் இல்லை, அந்தந்தக் குடும்பமே. ஒரு வீட்டுக்கு ஐந்தரை லட்சம் இலங்கை ரூபாய். வேலை நடக்க நடக்கத் தவணையாக வங்கிக் கணக்கில் விழும். தன் வீட்டைத் தானே கட்டியவருக்கு அதில் ஒரு கௌரவம் இருக்கிறது. அங்கும் ஒரு சிக்கல் இருந்தது. புத்தளத்திலிருந்து திரும்பிய முஸ்லிம்களின் நிலத்தில் காடு மண்டியிருந்தது. பலரிடம் பத்திரம் இல்லை. போகும்போது ஒரு குடும்பம், வரும்போது நான்கு குடும்பம். ஊரில் குடியிருந்தால்தான் பட்டியலில் பெயர், வீடு இருந்தால்தான் குடியிருக்க முடியும். நல்ல திட்டத்திலும் பட்டியல் எழுதுகிறவர் ஒரு கணம் யோசிக்காவிட்டால் ஒரு சாரார் விடுபட்டுப் போவார்கள்.

இதையெல்லாம் ஏன் இங்கே பேசுகிறோம்? ராக்கெட் தளம் வரப்போகிறது என்று இன்று நாடெல்லாம் நம் ஊர் பெயரைச் சொல்கிறது. அதற்கு முன்பு இது கப்பல் வந்து போன துறை. இலங்கை நமக்கு அந்நியமில்லை. ஆனால் நம் டிரஸ்ட் நினைத்த மாத்திரத்தில் கடல் தாண்டிப் பணம் அனுப்பிவிட முடியாது. சட்டம் உண்டு, அது அரசாங்கங்களின் வேலை. நம் கையில் இருப்பது நம் சொந்தப் பட்டியல்.

ஆகவே நிர்வாகக் குழு மூன்று முடிவுகளை உங்கள் முன் வைக்கிறது. ஒன்று, ஜகாத் அதற்குரிய எட்டு வகையினருக்கே, மார்க்கம் சொன்னபடியே போகும், அதில் மாற்றமில்லை. ஸதக்காவாக வரும் கல்வி, மருத்துவ நிதிக்கு இனி தேவையை மட்டும் கேட்போம். எந்த ஜமாஅத், எந்த மதம் என்று கேட்க மாட்டோம். இரண்டு, பட்டியல் தயாரிக்கும் குழுவில் பெண்களும், உதவி பெறும் தெருக்களைச் சேர்ந்தவர்களும் உட்காருவார்கள். மூன்று, நம் தூத்துக்குடி, நெல்லை மாவட்டங்களிலுள்ள இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்களில் மேல்படிப்புக்குத் தவிக்கும் பிள்ளைகளுக்கு, அதிகாரிகளின் அனுமதி பெற்று, இந்த ஆண்டு முதல் கட்டணம் செலுத்துவோம். அவர்களில் பெரும்பாலோர் முஸ்லிம்கள் அல்ல. 1990ஐ நினைத்துச் சிலருக்கு மனம் கனக்கலாம். அந்தப் பிள்ளைகள் அன்று பிறக்கவே இல்லை.

அன்று வாசலில் கேட்ட பெரியவர் இன்று நம்மோடு இங்கே அமர்ந்திருக்கிறார். மாமா, நீங்கள் கொடுத்தது யார் வீட்டு அடுப்புக்குப் போனது என்று எங்களால் சொல்ல முடியாது. யாருக்கு என்று பிரிக்காமல், எல்லோருக்குமாகத்தான் அது போனது.  அன்று சொல்ல வேண்டிய பதில் இதுதான்.

அல்லாஹ் நம் அனைவரின் தர்மங்களையும் கபூல் செய்வானாக. ஆமீன். வஸ்ஸலாம்.