இரணைமடுவும் நெல் ஆலையும்
(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



கிளிநொச்சியை உருவாக்கியது எது என்று வினவினால், இச்சபையோர் ஒரே வாயாக "இரணைமடுக் குளம்" என்பீர்கள். நானும் அவ்வாறே எண்ணியிருந்தேன். மிஷன் பாடசாலையில் படித்த நாளில் ஹென்றி பாக்கர் முதலிய ஆங்கிலேயப் பொறியியலாளரின் பெயர்களை மனனஞ் செய்தவன் நான். என் பூட்டனார் என்ன செய்தார் என்று வீட்டிற் கேட்டறிந்ததோ பல்கலைக்கழகம் புகுந்த பின்னர்தான்!

கனகராயன் ஆற்றை மறித்துக் குளம் கட்டும் வேலை 1902 இல் தொடங்கி, 1920 அளவில் நிறைவெய்தியது. இடையில், 1905 இல், யாழ்ப்பாணத்துப் புகைவண்டிப் பாதையும் திறக்கப்பட்டது. நீர் வந்தது, பாதை வந்தது, குடும்பங்கள் வரவில்லை. ஆண்கள் வந்தார்கள், காலபோகம் விதைத்தார்கள், அருவி வெட்டினார்கள், மூடையோடு ஊருக்குத் திரும்பினார்கள். யானையைத் தீப்பந்தங் காட்டித் துரத்தலாம். நுளம்பை என்ன செய்வது? 1935 இல் காணி அபிவிருத்திச் சட்டம் வந்து, மறு ஆண்டு கிளிநொச்சிக் குடியேற்றம் ஆரம்பமாகிய போதும் மலேரியாக் காய்ச்சல் விட்டபாடில்லை. 1946 இல் டி.டி.ரி. மருந்து நாடெங்கும் தெளிக்கப்பட்டது. ஆயிரத்துக்கு 20 ஆக இருந்த இலங்கையின் இறப்பு வீதம் அடுத்த ஆண்டிலேயே 14 ஆயிற்று. அந்த ஆண்டிலேதான் எங்கள் பூட்டியும் பிள்ளைகளோடு இக்கரைக்கு வந்தார்.

வந்தவருக்குக் காத்திருந்தது உரலும் உலக்கையும். நெல்லை ஊறவைத்து, அவித்து, பாயிற் காயவிட்டு, குத்திப் புடைத்தாற்றான் அன்றைய சோறு. வயலிலே வேலை செய்பவர் எத்தனை பேரோ, அத்தனை பேருக்கும் அவர் குத்தவேண்டும். "காட்டை வெட்டினது அவர், கையைக் காய்ச்சினது நான்" என்று பூட்டி சொல்வாராம். யாழ்ப்பாணத்திலே தேசவழமைப்படி சீதனக் காணிக்கு உரித்துடையவராய் இருந்த பெண்கள், இங்கே பெர்மிற் காணிக்கு வந்தபோது ஆண்மக்களுக்குப் பின்னே வைக்கப்பட்டார்கள். அந்த விதி 2022 இலேதான் திருத்தப்பட்டது.

1952 இல் அரசாங்கம் ஒரு புசல் நெல்லுக்கு 12 ரூபா உத்தரவாத விலை கொடுத்தது. கையில் நாலு காசு மிஞ்சியது. பூட்டனார் அதனோடு பூட்டியின் தாலிக்கொடியையும் ஈடு வைத்து, ஓர் எஞ்சினும் ஒரு ஹலரும் வாங்கினார். ஹலர் என்பது பிரேசில் நாட்டு ஏங்கல்பேர்க் 1880களில் கண்டுபிடித்த யந்திரம். கோப்பியின் தோலையும் அதிலே நீக்குவார்களாம். இரும்பு உருளை சுழல, உமியும் தவிடும் ஒன்றாய்க் கழன்று விழும். குறுணல் அதிகம்; சேதமும் உண்டு. ஆயினும் ஒரு நாட் குத்து ஒரு நாழிகையில் முடிந்தது. இதை முழு நன்மை என்று சொல்ல என் மனம் ஒப்பவில்லை. கூலிக்கு நெற்குத்திச் சீவித்த ஏழைப் பெண்களின் பிழைப்பில் அந்த யந்திரம் மண்ணைப் போட்டது. அவர்களிற் சிலரைப் பூட்டனார் நெல் அவிக்கும் களத்துக்கு எடுத்தார், எல்லாரையும் எடுக்கவில்லை.

ஆயினும் ஆலை வந்தபின் களத்தடியிலே தேநீர்க் கடை வந்தது. தவிட்டுக்கு மாடு வந்தது. உமிக்குச் செங்கற் சூளை வந்தது. அருவி வெட்டு முடிந்ததும் ஊருக்குப் போகும் வழக்கம் எங்கள் வீட்டில் அத்தோடு நின்றது. ஊர் என்றால் இனி இதுதான் என்றாயிற்று.

2009 சனவரியில் கிளிநொச்சி ஆளில்லா நகரமாய்க் கிடந்ததை நீங்கள் அறிவீர்கள். நாங்கள் திரும்பி வந்தபோது கூரையில்லை, எஞ்சினில்லை. இரணைமடுவின் கீழ் இன்றும் 20,000 ஏக்கருக்கு மேல் விளைகிறது. அறுவடை யந்திரம் ஈர நெல்லை வரம்பிலேயே கொட்ட, வெளிமாவட்ட வியாபாரியின் லொறி அப்படியே அள்ளிச் செல்கிறது. அரிசியாய்த் திரும்பி வரும்போது கடைக்காரர் சொல்வதே விலை. உமியும் தவிடும் திரும்பி வருவதில்லை.

பூட்டனாரின் எஞ்சின் நின்ற சீமெந்து மேடை மட்டும் நாலு போல்ற்றுகளோடு எங்கள் வளவில் இருக்கிறது. போன காலபோகத்தில் வீட்டுச் சாப்பாட்டுக்கென்று நிறுத்திய நெல்லை அம்மா அதன் மேலேதான் காயவிட்டார்.