சத்துப் பொடியும் சிறார் மூளையும்



நான் செய்த ஒரு தவற்றைச் சொல்லி இவ்வுரையைத் தொடங்குகிறேன். 1998ஆம் ஆண்டு என் ஆறாம் வகுப்பில் ஒரு சிறுவன் இருந்தான். முகம் நோக்கிப் பேசமாட்டான். கேட்ட கேள்வியையே திருப்பிச் சொல்லுவான். சுண்ணாம்புக் கட்டிகளை வரிசையாக அடுக்குவதில் மட்டும் அவனுக்கு அளவற்ற இன்பம். கைத்தறி நெசவாளரான அவன் தந்தையாரை அழைத்து, "பையனுக்கு மூளைப் பலம் போதவில்லை; நல்ல சத்துப் பொடியாக வாங்கிக் கொடுங்கள்" என்றேன். ஆசிரியர் சொல்லை அவர் வேதவாக்காகக் கொண்டார். மாதந்தோறும் டின் டின்னாக வாங்கினார். அதற்காக வீட்டுப் பித்தளை அண்டாவையும் விற்றார் என்பது பின்னரே எனக்குத் தெரிந்தது. பையனிடம் மாறுதல் ஏதுமில்லை. ஆண்டிறுதியில் அவன் பள்ளியை விட்டே நின்றுவிட்டான்.

பல்லாண்டுகளுக்குப் பின், ஆசிரியர்களுக்கான பயிற்சி வகுப்பொன்றில் ஆட்டிசம் என்னும் வளர்ச்சிக் குறைபாட்டைப் பற்றி விளக்கினார்கள். கேட்கக் கேட்க அந்தச் சிறுவனே என் கண்முன் வந்து நின்றான்.

அப்படியானால் உணவுக்கும் மூளை வளர்ச்சிக்கும் தொடர்பே இல்லையா என்று நீங்கள் கேட்கலாம். உண்டு. 1934ஆம் ஆண்டு நார்வே நாட்டில் ஒரு தாய், அறிவு வளர்ச்சி குன்றிய தம் இரு குழந்தைகளின் சிறுநீரில் விசித்திரமான வாடை வீசுவதாக ஃபோலிங் என்னும் மருத்துவரிடம் முறையிட்டார். அவர் அதனை அலட்சியம் செய்யாமல் ஆராய்ந்தார். அதன் பயனாக வெளிப்பட்டதே பினைல்கீட்டோனூரியா என்னும் பிறவிக் கோளாறு. புரதத்திலுள்ள பினைல் அலனின் என்னும் பொருளை மாற்றியமைக்கும் ஆற்றல் இக்குழந்தைகளின் கல்லீரலுக்கு இல்லை. ஆகவே அப்பொருள் இரத்தத்தில் தேங்கி மூளையைக் கெடுக்கிறது. நாம் சத்துள்ளவை என்று போற்றும் பாலும் முட்டையும் பருப்புமே இவர்களுக்குத் தீங்காகின்றன!

இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகரில் பிக்கல் என்னும் மருத்துவரும் அவருடைய தோழர்களும் அப்பொருளை நீக்கிய புரதக் கலவையை ஒரு சிறுமிக்கு ஊட்டி, அவள் நிலை தேறியதை 1953ஆம் ஆண்டு வெளியிட்டனர். ஆயினும் முன்பே நேர்ந்துவிட்ட கேட்டினை முற்றும் நீக்க இயலவில்லை. பிறந்த சில நாட்களிலேயே குதிகாலில் எடுக்கும் இரத்தத் துளியைக் கொண்டு இக்கோளாற்றை அறியும் சோதனையை, 1960களின் தொடக்கத்தில் அமெரிக்கரான கத்ரி உருவாக்கினார். உரிய காலத்தில் உணவுமுறையைத் தொடங்கினால் குழந்தை நன்கு வளரும். இங்கே உணவே மருந்தாயிற்று. காரணம் இன்னதெனக் கண்டறிந்த பின்னரே அது மருந்தாயிற்று என்பதை நினைவிற் கொள்ளுங்கள்.

ஆட்டிசத்தின் கதை வேறு. இன்ன சத்து இல்லாமையால் அது வருகிறது என்று சொல்லத்தக்க ஒன்று இதுவரை காணப்படவில்லை. வைட்டமின் மாத்திரைகளையும் மீனெண்ணெயையும் கொடுத்துப் பார்த்த ஆய்வுகள், அதன் அடிப்படை இயல்பு மாறுமென்று நிலைநாட்டவில்லை. எனினும் இக்குழந்தைகளுட் பலர் இரண்டொரு பண்டங்களைத் தவிர வேறெதையும் தொடமாட்டார்கள். அதனால் இரும்புச் சத்தோ வைட்டமின் டியோ குறையக்கூடும். குறையிருந்தால் மருத்துவர் சோதித்து, அளவறிந்து கொடுக்கவேண்டும். அது உடல்நலத்திற்கான உதவி, ஆட்டிசத்திற்கான மருந்தன்று. மிகுதியும் ஆபத்தே. வைட்டமின் ஏ, டி ஆகியவை உடலில் தேங்கித் தீங்கு செய்யும். இரும்பு மாத்திரைகளை அளவின்றி விழுங்கிய குழந்தையின் உயிருக்கே ஆபத்து நேரலாம்.

ஆகவே, அறிவை வளர்க்கும் பொடி என்று எவரேனும் ஒரு டின்னைக் காட்டினால், "இக்குழந்தைக்குக் குறைவது எது? அதைச் சோதித்தவர் யார்? எவ்வளவு கொடுக்கவேண்டும்?" என்று கேளுங்கள். அன்று அந்த நெசவாளர் என்னிடம் இவற்றைக் கேட்டிருந்தால் நான் விடை தெரியாமல் விழித்திருப்பேன். அவர் வீட்டு அண்டாவாவது மிஞ்சியிருக்கும்.

அந்தச் சிறுவனுக்கு நான் அளித்திருக்கவேண்டியவை வேறு: இரைச்சல் குறைந்த ஓரிடம், படங்களைக் காட்டிச் சொல்லும் பாடம், பேச்சுப் பயிற்சிக்கு வழிகாட்டல், சற்றே பொறுமை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஆட்டிசத்தையும் தன் பட்டியலில் சேர்த்திருக்கிறது. ஏனையோருடன் சேர்ந்து கற்பது அக்குழந்தைகளின் உரிமை. உங்கள் வகுப்பிலும் அத்தகைய தோழன் ஒருவன் இருக்கலாம். நாளை மதிய உணவு வேளையில் அவன் தனித்து அமர்ந்திருந்தால், அருகே சென்று அமருங்கள். அவன் உடனே பேசவில்லையென்று எழுந்து போய்விடாதீர்கள்.