சீழ் காணாத புண்



காய்ச்சலும் தொண்டை வலியும் நமக்குப் புதியவை அல்ல. கடையில் ஒரு மாத்திரை வாங்கி விழுங்கிவிட்டு மறுநாள் வேலைக்குச் செல்பவர்களே நம்மில் மிகுதி. கூலி போய்விடுமே! ஆயினும் இவ்விரண்டும் சேர்ந்து உயிருக்கே உலை வைக்கும் நிலை ஒன்றுண்டு. அதனையே இன்று எடுத்துக்கொள்வோம். நாம் மருத்துவர் அல்லோம். பாடம் சொல்லும் முறையிலேயே கூறுவோம்.

நம் குருதியில் ஒரு கன மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ 4,000 முதல் 11,000 வரை வெள்ளணுக்கள் உள்ளன. அவற்றுள் பெரும்பகுதி நியூட்ரோஃபில் எனும் வகை. உடலுள் புகும் கிருமியை முதலில் எதிர்த்து விழுங்குபவை இவையே. இவற்றின் ஆயுள் மிகக் குறுகியது. எலும்பு மஜ்ஜை புதியவற்றை அனுப்பாவிடில் சில நாட்களிலேயே எண்ணிக்கை சரிந்துவிடும். 500க்குக் கீழ் இறங்கினால் அது கடுமையான குறைவு. 1922ஆம் ஆண்டில் வெர்னர் ஷுல்ட்ஸ் என்னும் ஜெர்மானிய மருத்துவர் இந்நோயை விவரித்தார்.

திடீரென நடுக்கத்துடன் காய்ச்சல், விழுங்கவொட்டாத தொண்டை வலி, ஈறிலும் நாவிலும் புண் என்று இது தொடங்கும். ஏமாற்றம் இங்கேதான் உள்ளது. சீழ் என்பது பெரும்பாலும் கிருமியோடு பொருது மடிந்த இவ்வணுக்களே. அணுக்களே இல்லாதபோது சீழ் ஏது? புண் எளியதாகத் தோன்றும். நெஞ்சில் சளி மிகாது. எக்ஸ்ரே படமும் தொடக்கத்தில் தெளிவாயிருக்கக்கூடும். உள்ளேயோ கிருமிகள் தடையின்றிப் பெருகும். நுரையீரல் அழற்சி வரும். கிருமி குருதியிற் பரவினால் இரத்த அழுத்தம் வீழ்ந்து, சிறுநீரகமும் செயலிழக்கும்.

புற்றுநோய் மருந்துகள் இக்குறைவை உண்டாக்குவது பலரும் அறிந்ததே. தைராய்டு மிகைக்குத் தரும் கார்பிமசோல், மனநோய்க்குரிய குளோசபின், வலிக்கு உண்ணும் அனால்ஜின் ஆகியவையும் அரிதாகச் சிலரை இவ்வாறு தாக்கும். அனால்ஜினை அமெரிக்கா 1977இல் விலக்கியது; நம் நாடு 2013இல் தடுத்து, 2014இல் நிபந்தனைகளுடன் மீண்டும் அனுமதித்தது. பெயரறியாமல் மாத்திரை விழுங்கும் நம் வழக்கத்தை இங்கே கண்டிக்காமல் இருக்க இயலவில்லை. அதற்காக மருத்துவர் தந்த தைராய்டு மாத்திரையை அஞ்சி எறிந்துவிட வேண்டா. அதனால் இடர்ப்படுவோர் ஆயிரத்தில் வெகு சிலரே.

ஆனால் இம்மருந்துகளை உண்பவர்க்குக் காய்ச்சலோ தொண்டை வலியோ கண்டால், அன்றே, இரவாயினும், மருத்துவமனை செல்லவேண்டும். மாத்திரைச் சீட்டைக் கையோடு கொண்டுபோய்க் காட்டி, வெள்ளணுக்களை வகைபிரித்து எண்ணும் இரத்தப் பரிசோதனையைக் கேளுங்கள். குறைவு உறுதியானால் அம்மருந்தை நிறுத்தி, கிருமிக்கொல்லி ஊசிகளை உடனே தொடங்குவர். உரிய காலத்தில் சென்றவருள் பெரும்பாலோர்க்கு ஓரிரு வாரங்களில் அணுக்கள் மீள்கின்றன. அம்மருந்தை மட்டும் அவர்கள் வாழ்நாளில் மீண்டும் தொடலாகாது; அதன் பெயரை வீட்டார் அனைவரும் எழுதி வைத்துக்கொள்ளவேண்டும்.