திசைவியின் உள்ளே தமிழுக்கு இடம் எங்கே?



வில்லியனூரிலும் பாகூரிலும் அவற்றைச் சூழ்ந்த சிற்றூர்களிலும் இன்று ஓட்டு வீட்டுச் சுவரிற்கூட ஒரு சிறு பெட்டி தொங்குகிறது. இரண்டு மூன்று பச்சை விளக்குகள் அதில் இமைத்துக்கொண்டிருக்கும். அதனை ஊராருட் சிலர் 'மோடம்' என்பர். சிலர் 'ரவுட்டர்' என்பர். வெளியிலிருந்து வரும் இணையத்தை வீட்டிலுள்ள கருவிகட்கெல்லாம் திசையறிந்து பிரித்து விடுவதால் அதற்குத் 'திசைவி' என்று தமிழிற் பெயரிட்டனர். நல்ல பெயர். ஆனால் பெட்டியின் மேலே தமிழ்ப்பெயர் ஒட்டியதோடு தமிழர் கடமை முடிந்ததா? அதன் உள்ளே எழுதப்பட்டிருப்பதைப் படிக்கவும் திருத்தவும் அதன் உடைமையாளர்க்கு வழி உண்டா? இதுவே இன்றைய பேச்சின் பொருள்.

கருவியைத் தன்வயப்படுத்துவது இம்மண்ணுக்குப் புதிதன்று. 1998-ஆம் ஆண்டில் எம்.எசு. சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், கனடா நாட்டுப் பன்னாட்டு வளர்ச்சி ஆராய்ச்சி நடுவத்தின் துணையோடு, வில்லியனூரை நடுவாக வைத்துச் சிற்றூர் அறிவு நடுவங்களை நிறுவத் தொடங்கியது. எம்பலம், கீழூர், வீராம்பட்டினம் முதலிய ஊர்கள் அதில் இணைந்தன. அந்நாளில் தொலைபேசிக் கம்பி எல்லா ஊருக்கும் எட்டவில்லை. ஆதலால் இருவழி வானலைக் கருவிகளைக் கணினியோடு பிணைத்துப் பேச்சையும் எழுத்தையும் அவற்றின் வழியே அனுப்பினர். மின்வெட்டுக்குக் கதிரொளித் தகடுகள் துணைநின்றன. நடுவங்களை நடத்தியவருட் பெரும்பாலோர் அவ்வவ்வூர்ப் பெண்டிர். வில்லியனூரிற் செய்திகள் தமிழாக்கம் பெற்று ஊர்களுக்குச் சென்றன. அமெரிக்கக் கடற்படை வெளியிட்ட அலைமுன்னறிவிப்பு, வீராம்பட்டினத்து ஒலிபெருக்கியில் தமிழாய் ஒலித்தது. 2004 திசம்பர் 26-இல் ஆழிப்பேரலை வந்தபோது நல்லவாட்டில் நடந்தது நாடறிந்த செய்தி. சிங்கப்பூரிலிருந்த அவ்வூர் இளைஞர் ஒருவர் தொலைபேசி வழி எச்சரிக்க, ஊரார் அறிவு நடுவத்தின் கதவை உடைத்துத் திறந்து, ஒலிபெருக்கியிற் கூவி, ஊரையே கரையினின்று அகற்றினர். அக்கதவை உடைத்தது குற்றம் என்று எவர் சொல்வார்?

அன்று கருவிகள் சில. அவற்றை ஆள்பவர் ஊருக்குள்ளேயே இருந்தனர். இன்று கருவி வீட்டுக்கு வீடு உண்டு. ஆள்பவர் எங்கோ இருக்கின்றனர். சுவரில் தொங்கும் அப்பெட்டி வெறும் குழாயன்று. முழுமையான ஒரு கணினி. அதற்குச் செயலி உண்டு; நினைவகம் உண்டு; கோப்புகளைத் தாங்கும் வைப்பகச் சில்லும் உண்டு. அக்கோப்புகளே பெட்டியை ஆள்வன. வீட்டுக்குள் யார் நுழையலாம், எந்த வாயில் அடைபட வேண்டும், எந்தப் பெயரில் அருகலை ஒளிர வேண்டும் என்பனவெல்லாம் அங்கே வரிவரியாய் எழுதப்பட்டுள்ளன.

ஒரு சிறு ஆய்வு செய்து பார்க்கலாம். திசைவியோடு இணைந்த கணினியின் உலாவியில் 192.168.1.1 என்று எண்ணை இடுக. சில பெட்டிகளுக்கு 192.168.0.1 என்று இருக்கும். அமைப்புப் பக்கம் திறக்கும். அருகலைக்குப் பெயரிடும் கட்டத்தில் 'பாகூர்' என்று தமிழில் எழுதுக. பல நிறுவனங்களின் பக்கங்கள் அதனை ஏற்பதில்லை. ஆங்கில எழுத்தும் எண்ணுமே இடுக என்று மறுக்கும். அருகலைக்கு உலகம் வகுத்த தரமோ அவ்வாறு தடுக்கவே இல்லை. 802.11 என்னும் அத்தரம், பெயரின் அளவு 32 பைட்டுக்கு மேற்படலாகாது என்று மட்டுமே சொல்லிற்று. இன்ன மொழியில் இருக்க வேண்டும் என்று சொல்லவில்லை. தமிழை மறுப்பது தரமன்று. அப்பக்கத்தை எழுதியவரின் சோம்பல். (தமிழன்பர் சிலர் வீட்டு வாயிலில் தீந்தமிழ்ப் பெயர்ப்பலகை மின்னும், உள்ளே அருகலையின் பெயரோ ஆக்கிய நிறுவனத்தின் பெயரும் அதன் வாலாக நான்கு எண்களுமாய் இருக்கும்! அது அவர்தம் குற்றம் மட்டுமன்று.)

பக்கம் மறுத்தால், பக்கத்துக்குப் பின்னிருக்கும் கோப்பை நேரே திறந்து எழுதலாமே? எழுதலாம். அதற்கு உரிமை உண்டா? உண்டு. அவ்வுரிமை எவ்வாறு கிட்டியது என்பது அறியத்தக்கது.

வீட்டுத் திசைவிகளிற் பெரும்பாலானவற்றை இயக்குவது இலினக்சு. பின்லாந்து மாணவராயிருந்த இலினசு தோர்வால்டுசு 1991-இல் தொடங்கிய கருவகம் அது. ரிச்சர்டு சுடால்மன் வகுத்த பொதுமக்கள் உரிமத்தின் இரண்டாம் பதிப்பின்கீழ் அது வழங்கப்படுகிறது. எவரும் எடுக்கலாம், திருத்தலாம், விற்கலாம். ஆனால் விற்பவர், வாங்கியவர்க்கு மூல நிரலையும் கொடுத்தாக வேண்டும். 2002-ஆம் ஆண்டின் இறுதியில் இலிங்சிசு என்னும் அமெரிக்க நிறுவனம், நீலமும் கருமையும் கலந்த ஒரு திசைவியை விற்பனைக்கு விடுத்தது. டபுள்யூ.ஆர்.டி. 54 என்று தொடங்குவது அதன் பெயர். 2003-இல் அந்நிறுவனத்தைச் சிசுகோ ஏறத்தாழ 50 கோடி தாலருக்கு வாங்கியது. அதே ஆண்டில், பெட்டியைத் துருவிப் பார்த்த நிரலாளர் உள்ளே இலினக்சு இருப்பதைக் கண்டு, மூல நிரல் எங்கே என்று கேட்டனர். உரிமத்தின் முன் மறுமொழி இல்லை. நிறுவனம் நிரலை வெளியிட்டது. அதிலிருந்து 2004-இல் கிளைத்ததே ஓப்பன் டபுள்யூ.ஆர்.டி. என்னும் கட்டற்ற இயங்குதளம். பெட்டியின் பெயரே தளத்தின் பெயரிலும் ஒட்டிக்கொண்டது.

வணிகர் எளிதில் விட்டுக்கொடுப்பரோ? 2005-இல் அதே பெட்டியின் ஐந்தாம் பதிப்பில் இலினக்சை நீக்கி, மூடிய இயங்குதளம் ஒன்றை அமர்த்தினர். வைப்பகத்தை 4 மெகாபைட்டிலிருந்து 2-க்கும், நினைவகத்தை 16-லிருந்து 8-க்கும் குறைத்தனர். இலினக்சு வேண்டுவோர்க்கு வேறொரு பெட்டியைத் தனியே விற்றனர். 2008-இல் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை சிசுகோவின்மேல் வழக்குத் தொடுத்தது. 2009-இல் அது இணக்கமாய் முடிந்தது. அதற்கும் முன்பே, 2004-இல், செருமனியின் மியூனிக் வழக்குமன்றம் வேறொரு திசைவி நிறுவனத்துக்கு எதிராக இவ்வுரிமம் செல்லத்தக்கதே என்று தீர்ப்பளித்திருந்தது. ஆகவே, புதுப் பெட்டி வாங்குவோர் அதனுடன் வரும் துண்டுத்தாளை எறிந்துவிடலாகாது. மூல நிரலைக் கையோடு கொடாத நிறுவனம், கேட்டாற் கொடுப்பதாக மூன்றாண்டுக்குக் குறையாமற் செல்லும் எழுத்துறுதியைத் தர வேண்டும் என்பது அவ்வுரிமத்தின் விதி. அவ்வுறுதி பெரும்பாலும் அந்தத் தாளிலேயே பொடி எழுத்தில் இருக்கும்.

இனிக் கோப்புக்குச் செல்வோம். கட்டற்ற தளம் ஏற்றிய திசைவியைக் கம்பியாற் கணினியோடு இணைத்து, முனையத்தில் எசு.எசு.எச். என்னும் கட்டளை வழியே, 'ரூட்' என்ற பயனராய் அதே 192.168.1.1-க்குள் நுழைக. ரூட் என்றால் வேர். எல்லாக் கோப்பையும் தொடவல்ல பயனர்க்கு அப்பெயர். உள்ளே 'இடிசி' என்றோர் அடைவு. அதனுள் 'கான்பிக்' என்றோர் உள்ளடைவு. அங்கே வலையமைப்புக்கு ஒரு கோப்பு, அரணுக்கு ஒரு கோப்பு, அருகலைக்கு 'வயர்லெசு' என்னும் கோப்பு. பூதம் எதுவும் இல்லை. எல்லாம் படிக்கத்தக்க எழுத்துகள். 'எசு.எசு.ஐ.டி.' என்று வரும் வரியில் மேற்கோட்குறிக்குள் 'பாகூர்' என்று தமிழில் எழுதிச் சேமித்து, அருகலையை மீளத் தொடங்குக. கைப்பேசிப் பட்டியலில் 'பாகூர்' என்றே தோன்றும். இத்தளத்தின் அமைப்புப் பக்கங்களைத் தன்னார்வலர் பல மொழிகளில் ஆக்கி வருகின்றனர். அங்கே தமிழ் இடம்பெற எவரிடமும் இசைவு கேட்க வேண்டுவதில்லை. எழுதுவார் கையே போதும்.

பாகூருக்கு இடம் கிடைத்தது. வில்லியனூருக்குக் கிடைக்குமா? இங்கேதான் புலவரும் கணினியாளரும் ஒருங்கே நோக்க வேண்டிய செய்தி உள்ளது. இன்று வழங்கும் ஒருங்குறியில் 'வி' என்பது ஓர் எழுத்தன்று. வகரமும் இகரக் குறியுமாய் இரண்டு. 'ல்' என்பது லகரமும் புள்ளியுமாய் இரண்டு. இவ்வாறு எண்ணினால் வி, ல், லி, னூ, ர் ஐந்தும் இவ்விரண்டு, யகரம் ஒன்று. ஆகப் பதினொன்று. யூ.டி.எப். 8 முறையில் ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட்டு, மொத்தம் 33. தரம் இசைந்ததோ 32. ஒரே ஒரு பைட்டால் வில்லியனூர் வெளியே நிற்கிறது! ஆங்கிலத்தான் 32 எழுத்து எழுதும் இடத்தில் தமிழன் ஆறெழுத்து ஊர்ப்பெயரை எழுத இயலவில்லை. பாகூர் தப்பியது, அதற்கு 18 போதும்.

இக்குறை எங்கிருந்து வந்தது? மெய்யே முதலில் நிற்பது, அதன்மேல் உயிர் ஏறுவதே உயிர்மெய் என்பது தொல்காப்பியம் தொட்டு வரும் மரபு. ஒருங்குறியோ, தேவநாகரியை நோக்கி அமைந்த 1988-ஆம் ஆண்டின் இந்தியக் குறிமுறையைப் பின்பற்றி, அகரம் ஏறிய எழுத்தை முதலாகவும் தனிமெய்யை அதன் திரிபாகவும் கொண்டது. எழுத்துக்கு ஓரிடம் தரும் 'தமிழ் அனைத்தெழுத்து 16' என்னும் குறிமுறையைத் தமிழ்நாட்டரசு 2010-இல் ஒருங்குறியோடு சேர்த்து ஏற்றது. அதில் வில்லியனூர் ஆறே இடம். எழுத்துக்கு இரண்டாகப் பன்னிரண்டு பைட்டு. ஆயினும் அஃது ஒருங்குறியின் தனிப்பயன் பகுதியில் நிற்பதாற் கைப்பேசிகள் அதனைப் படிப்பதில்லை. அதுவரை மரூஉ வழக்கே துணை. புதுச்சேரி புதுவை ஆயிற்று. வில்லியனூராரும் தமக்கொரு மரூஉவைத் தேடிக்கொள்க.

பாகூரில் 1879-இற் கண்டெடுத்த பல்லவர் செப்பேடு ஈண்டு நினைக்கத்தக்கது. நிருபதுங்கவர்மனின் எட்டாம் ஆட்சியாண்டில், பாகூர்க் கல்விச்சாலைக்கு மூன்று ஊர்களைக் கொடையாக அளித்த செய்தியைக் கூறுவது அது. அரசனின் குலப்பெருமை வடமொழிப் பாட்டில் உள்ளது. ஆணை நிறைவேறிய முறையும் ஊரெல்லைகளும் தமிழில் உள்ளன. ஏன்? எல்லையை நடந்து பார்த்துக் காப்பவர் நாட்டார். அவர் படிக்க வேண்டிய பகுதி அவர் மொழியில் இருந்தாக வேண்டும். வீட்டுக்குள் இருக்கும் திசைவியின் எல்லை வரிகளோ இன்று பூட்டப்பட்ட ஏட்டில் உள்ளன.

பூட்டியிருப்பது காப்பு என்று சிலர் எண்ணக்கூடும். 2017 சூலைத் திங்களில் பி.எசு.என்.எல். வாடிக்கையாளர் வீடுகளில் ஏறத்தாழ 60,000 இணையப் பெட்டிகள் ஒரு தீநிரலாற் செயலிழந்தன. ஆக்கிய இடத்தில் இட்ட 'அட்மின்' என்னும் கடவுச்சொல்லே மாற்றாமல் இருந்தவை தாக்குண்டன. உடைமையாளர்க்குத் தெரியாத வாயில் திருடர்க்குத் தெரிந்திருந்தது! கடவுச்சொல்லை இன்றே மாற்றுக. முனைய நுழைவு வீட்டின் உள்ளிருந்து மட்டும் திறக்குமாறு அரண் கோப்பில் இருக்கிறதா என்றும் பார்க்க.

ஓர் எச்சரிக்கை. இணைய நிறுவனம் இரவலாய்த் தந்த பெட்டி அந்நிறுவனத்தின் உடைமை. அதன் கோப்புகளைத் திருத்துவது முறையன்று. பல பெட்டிகளைத் தொலைவிலிருந்தே நிறுவனம் மாற்றியமைக்கவும் கூடும். செருமனியில் 2016 ஆகத்து 1 முதல் வீட்டார் தமக்கு வேண்டிய திசைவியைத் தாமே தேர்ந்துகொள்ளச் சட்டம் வழிசெய்தது. ஈண்டு அவ்வளவுக்குக் காத்திருக்க வேண்டா. இரவற் பெட்டியை வெறும் இணைப்பாக வைத்து, அதன் பின்னே சொந்தத் திசைவி ஒன்றை அமைத்துக்கொள்ளலாம். வாங்குமுன் அப்பெட்டி கட்டற்ற தளத்தின் பட்டியலில் உள்ளதா என்று பார்க்க. வைப்பகம் 8 மெகாபைட்டும் நினைவகம் 64 மெகாபைட்டும் அடித்தள அளவு. 16-உம் 128-உம் இருப்பின் நன்று. வேறொரு பெட்டிக்குரிய நிரலை ஏற்றினால் பெட்டி செங்கல்லாய்ப் போகும். பெயரையும் பதிப்பெண்ணையும் இருமுறை ஒப்புநோக்குக.

கோப்பைத் திருத்தும்போது பிழை நேர்ந்தால் அஞ்ச வேண்டுவதில்லை. பெரும்பாலான பெட்டிகளில் முதல் ஏடு படிக்க மட்டும் உரியதாய் அடியில் இருக்கிறது. திருத்தங்கள் அதன்மேல் வேறோர் அடுக்கில் எழுதப்படுகின்றன. சுவடியின்மேல் மெல்லிய தாளை வைத்துக் குறிப்பெழுதுவது போல என்க. பெட்டி துவங்கும்போது விளக்கு விரைந்து இமைக்கும். அந்நேரத்திற் பொத்தானை அழுத்தினால் இடர்காப்பு நிலையில் திறக்கும். அப்போது 'பர்சுட்டுபூட்' என்று கட்டளையிட்டு மீளத் தொடங்கினால் மேலடுக்கு அழிந்து முதல் ஏடு அப்படியே நிற்கும். பின்னர் மீண்டும் எழுதலாம்.