கடை கை மாறினால் நம் கணக்கு என்ன ஆகும்?

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் பேசியது)



நான் பத்தாவது வரைக்கும் படிச்சவ. மேடையில் பேசிப் பழக்கமில்லை. எங்க குழுவுக்கு நடந்ததைச் சொன்னால் நாலு பேருக்கு உபயோகப்படும் என்று தலைவி அக்கா சொன்னாங்க. அதனால் வந்தேன்.

எங்க குழுவில் 12 பேர். இட்லிப் பொடி, பருப்புப் பொடி, சாம்பார் பொடி செய்கிறோம். பக்கத்து ஊரில் மூணு கிளை வைத்திருந்த ஒரு டிபார்ட்மென்டல் கடைக்குத்தான் முக்கால்வாசிப் பொடியும் போகும். கடைக்கார அண்ணன் மாசம் பிறந்ததும் பணம் கொடுத்துடுவார். பில் எல்லாம் ஒரு நோட்டில்தான். அவர் வாக்கே எங்களுக்குப் போதும் என்று இருந்தோம்.

ஒரு நாள் பொடி இறக்கப் போனால் போர்டு மாறியிருந்தது. பெரிய கம்பெனி ஒன்று கடையை வாங்கிவிட்டதாம்.

அப்புறம்தான் விசாரித்தேன். இது நமக்கு மட்டும் நடந்ததில்லைங்க. 1905-ல் வெண்ணெய் வியாபாரமாக ஆரம்பித்த நீல்கிரிஸ், தென்னிந்தியா முழுக்கப் பேர் வாங்கிய கடை. அதை 2014-ல் பியூச்சர் குழுமம் வாங்கியது. அந்தக் குழுமத்தின் சில்லறைக் கடைக் கம்பெனியே 2022-ல் திவால் வழக்குக்குப் போய்விட்டது. கோயம்புத்தூர் கண்ணன் டிபார்ட்மென்டல் ஸ்டோரை 2020-ல் ரிலையன்ஸ் வாங்கியது. சென்னையில் 1997-ல் தொடங்கிய சுபிக்ஷா, ஊர் ஊராக 1600 கடை வரைக்கும் திறந்து, 2009-ல் மொத்தமாக மூடிவிட்டது.

ஏன் வாங்குகிறார்கள்? நூறு கடைக்கும் சேர்த்து ஒரே இடத்தில் சரக்கு எடுத்தால் விலை குறைத்து வாங்கலாம். நமக்கும் சோப்பு, எண்ணெய் இரண்டு ரூபாய் குறைவாகக் கிடைக்குது. நாமும்தானே போய் வாங்குறோம்? அதனால் அவங்களை மட்டும் குறை சொல்ல நான் வரலை. ஆனால் எந்தப் பொடியை அலமாரியில் வைப்பது என்று தீர்மானிக்கும் ஆள், நம்ம முகம் தெரிந்த அண்ணன் இல்லை. எங்கேயோ ஒரு ஆபீசில் இருக்கிறார்.

எங்களுக்கு வர வேண்டிய பாக்கி 38,400 ரூபாய். பழைய அண்ணனைக் கேட்டால், "கணக்கெல்லாம் அவங்ககிட்டக் கொடுத்தாச்சு" என்றார். புது மேனேஜரைக் கேட்டால், "கையெழுத்துப் போட்ட பில் இருக்கா?" என்றார். இல்லை. நோட்டு எழுதினது நான்தான். ஒரு பக்கத்தில்கூடக் கையெழுத்து வாங்கலை.

ஆறு தடவை நடந்து 29,400 வந்தது. 9,000 போனது போனதுதான். என் தப்பு, நானே கட்டுறேன் என்று கூட்டத்தில் சொன்னேன். ஒரு பாட்டியம்மா எழுந்து, "லாபம் வந்தப்ப பிரிச்சுக்கிட்டோம், நட்டத்தையும் பிரிச்சுக்குவோம் அம்மணி" என்றார். ஆளுக்கு 750. அதில் நூறுநாள் வேலைக் கூலியை எடுத்துக் கொடுத்தவர்களும் உண்டு. அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரலை.

அதில் கற்றதைச் சொல்றேன். ஒரே கடைக்கு மூணில் ஒரு பங்குக்கு மேல் கொடுக்கிறதில்லை. மீதி மளிகைக் கடைகளுக்கும், கல்லூரிச் சந்தைக்கும் போகுது. சரக்கு இறக்கியதும் பில்லில் தேதி, கையெழுத்து, முத்திரை வாங்காமல் வருவதில்லை. குழுப் பேரில் உத்யம் பதிவு செய்துவிட்டோம். அதற்குக் கட்டணம் கிடையாது. பதிவு இருந்தால், நாம் செய்த பொருளுக்கு 2006-ம் வருசச் சட்டப்படி 15 நாளில் பணம் தரணும். எழுதி ஒப்பந்தம் போட்டிருந்தாலும் 45 நாளைத் தாண்டக்கூடாது. தாண்டினால் வட்டி கேட்கலாம். இது முன்னமே தெரிந்திருந்தால் அந்த மேனேஜர் முன்னாடி தலைகுனிந்து நின்றிருக்க மாட்டேன்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். கடைகள் ஒன்றோடு ஒன்று சேர்ந்து பெரிசாகுது. நாம் மட்டும் பத்துப் பாக்கெட்டைத் தூக்கிக்கிட்டுத் தனித்தனியாகப் போய் நிற்கிறோம். நம்ம திருச்செங்கோடு கூட்டுறவு விற்பனைச் சங்கத்தில் மஞ்சள், பருத்தி ஏலம் பார்த்திருப்பீங்க. ஒரு மூட்டை கொண்டு வந்த விவசாயிக்கும் அங்கே வியாபாரிகள் போட்டி போட்டு விலை சொல்றாங்க. தனியாகப் போயிருந்தால் அந்த விலை கிடைக்குமா? அதேபோல எல்லாக் குழுப் பொருளுக்கும் கூட்டமைப்பு ஒரே பில் புத்தகம் போட்டு, ஒரே பேரில் கடைக்குப் பேசணும். அப்போது போர்டு மாறினாலும் நம்ம பாக்கியைக் கேட்க 12 பேர் இல்லை, இந்த மண்டபமே போகும்.

தப்பாகப் பேசியிருந்தால் மன்னிச்சுக்கங்க.